நீலகிரியில் அக்குபங்சர் பார்க்கப் போகிறீர்களா? ஆளைத் தேடுவதிலிருந்து சீன மாத்திரை வரை

கோத்தகிரிப் பக்கம் இருந்துகொண்டு அக்குபங்சர் பார்க்கத் தொடங்கினால் முதலில் கிடைப்பது இரண்டே இரண்டு வகை ஆலோசனை. "அதெல்லாம் ஏமாத்து வேலை" என்பது ஒன்று, "எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடு, சரியாகிடும்" என்பது இன்னொன்று. எந்தக் காகிதத்தைக் கொண்டு போவது, எவ்வளவு செலவாகும், ஊசி புதுசா பழசா என்று எப்படிப் பார்ப்பது, பஸ்ஸில் திரும்பும்போது தலை சுற்றினால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்ல ஆளே இல்லை. எனக்குக் கழுத்து வலியும் ஒற்றைத் தலைவலியும், அம்மாவுக்கு முழங்கால். இரண்டு பேருக்கும் சேர்த்து அலைந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, சிகிச்சைக்குப் போய் வந்தவன், அவ்வளவுதான்.

1. முதலில் வலிக்கு ஒரு பெயர் வாங்குங்கள்

ஊசிக்குப் போவதற்கு முன்னால் சாதாரண டாக்டரைப் பாருங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், எது பக்கமோ அது. தோட்டத்தில் இலை பறிக்கிறவர்களுக்கு இடுப்பு, தோள் வலி என்றால் "அது வேலை வலி" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம், ஆனால் இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போவது, கால் மரத்துப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், இதில் எது இருந்தாலும் ஊசிக்கான நேரமில்லை அது. திடீரென்று வெடிக்கிற மாதிரி வரும் தலைவலிக்கும் அப்படித்தான், நேராக ஆஸ்பத்திரி.

சாதாரண வலிதான் என்று டாக்டர் சொன்ன பிறகு அந்த ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், பல இடங்களில் நாடியை மட்டும் பிடித்துப் பார்த்து ஊசி போடுவார்கள், எக்ஸ்ரே கேட்கவே மாட்டார்கள். அவர்கள் கேட்காததால் உங்களுக்கு அது தேவையில்லை என்று ஆகிவிடாது.

2. எதற்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது

பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் எழுதும் நைஸ் என்ற அமைப்பு இருக்கிறது. நாள்பட்டு, வேறு நோயால் வந்தது என்று சொல்ல முடியாத வலிக்கு அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்று 2021-இல் சொன்னது. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க, வழக்கமான மாத்திரைகள் ஒத்துவராதபோது, 5 முதல் 8 வாரத்துக்குள் 10 அமர்வு வரை பார்க்கலாம் என்கிறது. அதே நைஸ் 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சர் கொடுக்க வேண்டாம் என்று எழுதியது. இதை அம்மாவிடம் சொன்னபோது "என் முட்டியை அவங்க பார்த்தாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது, படியேறுவதில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தலைவலி வருவது குறைந்தது. ஊசியால்தான் குறைந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஏனென்றால் பொய்யூசி (குத்துவதுபோல் பாவனை மட்டும் காட்டுவது) வைத்துச் செய்த சோதனைகளில்கூட ஆட்களுக்கு வலி கணிசமாகக் குறைகிறது, நிஜ ஊசிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சிறியதுதான்.

சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, புற்றுநோய் எல்லாவற்றையும் ஊசியாலேயே குணமாக்குவதாகச் சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

3. யார் யார் ஊசி போடுகிறார்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். போர்டில் எல்லாருமே "அக்குபங்சர்" என்றுதான் போட்டிருப்பார்கள், உள்ளே நடப்பது வேறு வேறு.

இயற்கை மருத்துவப் பட்டதாரிகள் ஒரு வகை. பி.என்.ஒய்.எஸ். என்று பெயருக்குப் பின்னால் இருக்கும், பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு, அதில் அக்குபங்சரும் பாடம். உடற்கூறு படித்தவர்கள், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று தெரிந்தவர்கள். நான் முதலில் தேடச் சொல்வது இவர்களைத்தான். உங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறதா, அங்கே ஊசி போடுகிறார்களா என்று ஓ.பி. கவுண்டரிலேயே கேளுங்கள். இருந்தால் செலவே மிச்சம்.

இரண்டாவது, நம் ஊரில் "ஹீலர்" என்று சொல்கிறோமே, அவர்கள். நாடி பார்த்து, பஞ்சபூதக் கணக்கில் ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து ஒற்றை ஊசி வைப்பார்கள், அல்லது ஊசியே இல்லாமல் விரலால் தொடுவார்கள். தொடு சிகிச்சையில் ஊசி ஆபத்து கிடையாது, அது நல்ல விஷயம்தான். ஆபத்து வேறு இடத்திலிருந்து வரும், அதை 9-ஆம் படியில் சொல்கிறேன்.

மூன்றாவது, பத்துப் பதினைந்து ஊசி வைத்து, சில நேரம் அதில் மின்சாரமும் இணைக்கும் சீன முறைக்காரர்கள். நான்காவது, பிசியோதெரபிஸ்ட்கள் போடும் உலர் ஊசி, இது இறுகிப் போன தசையைப் பார்த்துப் போடுவது, சக்தி ஓடும் நாளம், நாடி எல்லாம் அவர்கள் பேச மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், மத்திய சுகாதார அமைச்சகம் 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்று ஆணை போட்டது. ஆனால் அது ஆயுஷ் (ஆயுர்வேதம், யோகா, சித்தா, ஓமியோபதி போன்றவை) பட்டியலில் இல்லை. மகாராஷ்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் அக்குபங்சருக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது, நமக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை நின்று படியுங்கள். எந்த நிறுவனம், எத்தனை மாதப் படிப்பு, நேரில் படித்ததா, தபாலில் வந்ததா என்று பாருங்கள். வார இறுதி வகுப்பு முடித்துவிட்டு டாக்டர் என்று போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

4. போனிலேயே கேட்டுவிடுங்கள்

மலையில் ஒரு இடத்துக்குப் போய் வர அரை நாள் போய்விடும். அதனால் கிளம்பும் முன்பே கேட்க வேண்டியவை: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் ஊசியா? பாக்கெட்டை என் எதிரில் பிரிப்பீர்களா? ஒரு அமர்வுக்கு எவ்வளவு? ரசீது கிடைக்குமா? பெண்களுக்குச் சிகிச்சை செய்யும்போது பெண் உதவியாளர் இருப்பாரா? நான் சாப்பிடும் மாத்திரைகளைத் தொடரலாமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பதில் "எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்று வந்தால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். ஊசி பற்றிய கேள்விக்குக் கோபம் வந்தாலும் அப்படியே. ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது, கோபப்பட மாட்டார்கள்.

5. ஒரு கோப்பு போடுங்கள்

பத்து ரூபாய் பிளாஸ்டிக் ஃபைல் போதும். உள்ளே: டாக்டரின் சீட்டு, எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் அறிக்கை, சமீபத்திய சர்க்கரை மற்றும் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு தாள். மாத்திரை அட்டைகளை மொபைலில் படம் எடுத்து வைத்தாலும் சரி.

இவற்றைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்: கர்ப்பம் அல்லது கர்ப்பமாக இருக்க வாய்ப்பு (கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள புள்ளி, கணுக்காலுக்கு மேல் உள்புறப் புள்ளி போன்றவற்றைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பது வழக்கம்), வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, பேஸ்மேக்கர், வலிப்பு, ஊசியைப் பார்த்தாலே மயங்கும் பழக்கம். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் வைக்கும் முறை கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் ஊசி வைக்க விட வேண்டாம், புண்ணானால் எளிதில் ஆறாது.

ஒவ்வொரு முறையும் தேதி, எந்த இடத்தில் ஊசி வைத்தார்கள், அன்றைய வலி பத்துக்கு எத்தனை என்று அந்தக் கோப்பிலேயே எழுதி வாருங்கள். பின்னால் "உங்களுக்கு எவ்வளவோ குறைஞ்சிருக்கு" என்று அவர்கள் சொல்லும்போது கையில் கணக்கு இருக்கும்.

6. காசு

நான் விசாரித்த இடங்களில் ஒரு அமர்வுக்கு 300-இலிருந்து 700 ரூபாய் வரை சொன்னார்கள், கோவைக்கு இறங்கினால் அதற்கு மேலும் போகும். வாரம் ஒன்று அல்லது இரண்டு, மொத்தம் ஆறிலிருந்து பத்து அமர்வு என்பதுதான் வழக்கமான திட்டம். அதோடு பஸ், சாப்பாடு, ஒரு நாள் கூலி இழப்பு, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தோட்டக் கூலியில் வாழ்கிற குடும்பத்துக்கு ஊசிக் கட்டணத்தைவிட விடுப்பு நாள்தான் பெரிய செலவு.

பொறி என்ன தெரியுமா? முன்பணம். "பத்து அமர்வுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி" என்பார்கள். கட்டாதீர்கள். ஓர் இடத்தில் எங்களுக்கு இப்படித்தான் ஆனது. ஐப்பசி மழையில் ரோடு மூடி, நாங்கள் போக முடியாத வாரங்களையும் கணக்கில் எழுதிக் கழித்துவிட்டார்கள், கேட்டதற்கு "இது ஆஃபர் ரேட்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து ரசீது வாங்குவதே நல்லது.

இன்சூரன்ஸை நம்பிப் போகாதீர்கள். ஆயுஷ் சிகிச்சைக்குப் பணம் தரும் பாலிசிகள்கூடப் பொதுவாக உள்நோயாளிச் செலவைத்தான் பார்க்கும், அக்குபங்சர் ஆயுஷிலேயே இல்லை. ஊசி விலை என்று தனியாகக் கேட்டால் யோசியுங்கள். 100 ஊசி கொண்ட பெட்டியே சில நூறு ரூபாய்தான்.

7. மலையைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

ஜூன், ஜூலையில் மரம் விழும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண் சரியும். வாரம் இரண்டு முறை போக வேண்டிய சிகிச்சையை இந்த மாதங்களில் தொடங்கினால் பாதியில் அறுந்துபோகும். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டம், ஊட்டி, குன்னூர் ரோட்டில் அரை மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமாகும். ஆகவே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை எங்களுக்கு வசதியாக இருந்தது. காலை பத்து மணிக்கு மேல் நேரம் கேளுங்கள், அதற்குள் குளிர் விட்டிருக்கும். மாலை நேரம் வேண்டாம், பனிமூட்டத்தில் கடைசி பஸ்ஸைத் துரத்துவது சிகிச்சையில் சேராது.

சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது மலைக்கும் வந்துவிட்டது, அம்மாமார்களுக்கு இது பெரிய உதவி. சமவெளியிலிருந்து சொந்தக்காரர் காரில் வந்து கூட்டிப் போவதாக இருந்தால் வண்டி மலையேற இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள், 2024 மே 7-இலிருந்து இருக்கிறது, இணையத்தில் இலவசம். நீலகிரிப் பதிவு வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் தேவையில்லை. மறந்துவிட்டால் கல்லாறு அல்லது குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள்.

8. அன்றைக்கு

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லி போதும். முழங்காலுக்கு மேலும் முழங்கைக்கு மேலும் ஏற்றிவிடக்கூடிய தளர்ந்த உடை, மேலே ஸ்வெட்டர். படுத்துக்கொண்டு சிகிச்சை எடுங்கள், உட்கார்ந்து வேண்டாம்.

ஊசி பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். கிருமிநீக்கம் செய்த முத்திரை, காலாவதித் தேதி, ஒருமுறை பயன்பாட்டுக்கு என்ற குறி மூன்றும் இருக்க வேண்டும். ஹ்வாட்டோ, செய்ரின், டாங்பாங் எல்லாம் தெரிந்த கம்பெனிகள். வழக்கமான ஊசி 0.25 மில்லிமீட்டர் கனம், மருந்து ஏற்றும் ஊசியில் பாதிகூட இருக்காது, அதனால் குத்துவது எறும்பு கடிக்கிற அளவுதான் தெரியும், பிறகு ஒரு கனமான கடுப்பு வரும், அது சாதாரணம். மின்சாரம் பாய்வது போலச் சுரீரென்று இழுத்தால் உடனே சொல்லுங்கள். இருபதிலிருந்து முப்பது நிமிடம் வைப்பார்கள். வைத்த ஊசியையும் எடுத்த ஊசியையும் எண்ணுங்கள், கூச்சப்படாதீர்கள். எடுத்த ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. ஸ்பிரிட் கிண்ணத்துக்குள் திரும்பப் போனால் நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

மாக்ஸா என்று ஒரு மூலிகைச் சுருட்டைப் பற்றவைத்துத் தோலுக்குக் கிட்டே பிடிப்பார்கள். குளிருக்கு இதமாக இருக்கும், ஆனால் புகை. ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கால் மரத்திருக்கும் சர்க்கரைக்காரர்களுக்குச் சுட்டாலே தெரியாது, அவர்களும் வேண்டாம். சீனாவில் அதற்குப் பயன்படுத்தும் செடிக்குச் சொந்தக்காரச் செடிதான் நம் மலையோரத்தில் வளரும் மாசிபத்திரி, அதன் தாவரவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. அதற்காக வீட்டில் காயவைத்துச் சுருட்டிக் கொளுத்திப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும், செய்யாதீர்கள். சிகிச்சை அறையைச் சூடாக்கக் கரியடுப்பு வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் உள்ளேயே போகாதீர்கள், மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும்.

முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். பைக் ஓட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவு இறங்குவது அன்றைக்கு வேண்டாம்.

9. பிறகு என்ன சாதாரணம், என்ன இல்லை

சின்ன ரத்தக்கட்டு, ஒரு நாள் அசதி, அன்றிரவு வலி கொஞ்சம் கூடுவது, இவை போய்விடும். தோளுக்கும் மேல்முதுகுக்கும் ஊசி வைத்த பிறகு, சில மணி நேரம் கழித்துக்கூட, மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், "அக்குபங்சர் ஊசி வைத்தார்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஊசி ஆழமாகப் போய் நுரையீரல் உறையைத் துளைப்பது அரிது, ஆனால் நடக்கிறது. வைத்த இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது அந்த இன்னொரு ஆபத்து. காய்ச்சல், வாந்தி, சர்க்கரை ஏறுவது எதைச் சொன்னாலும் "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்று ஒரு பதில் வரும். இந்தப் பதிலை எந்தப் பரிசோதனையாலும் மறுக்க முடியாது என்பதுதான் அதில் உள்ள வசதி. ஒரு ஹீலர் அம்மாவின் நாடியைப் பிடித்து அரை நிமிடத்தில் பிரஷர் மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வந்து அன்றிரவும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பிரஷர், சர்க்கரை, வலிப்பு, தைராய்டு, இன்சுலின், இவற்றில் எதையும் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், குறைக்கவும் செய்யாதீர்கள்.

10. சீன மூலிகை மருந்து

ஊசியைவிட இதில்தான் நான் கறாராக இருக்கச் சொல்வேன். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து தருவது ஒரு வழி, இணையத்தில் வாங்குவது இன்னொன்று, சிகிச்சையிடத்திலேயே பெயரில்லாத பொட்டலமாகத் தருவது மூன்றாவது. மூன்றாவதை வாங்கவே வேண்டாம். சித்த, ஆயுர்வேத மருந்துக்கு உரிம எண், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் அட்டையில் இருக்கும், "சீன மூலிகை" என்று சொல்லிக் கையில் தரும் பொடிக்கு ஒன்றும் இருக்காது.

மலேசிய அட்டை என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கம் வந்து டி என்று முடியும் பதிவெண் இருக்க வேண்டும், டி என்றால் பாரம்பரிய மருந்து. சொந்தக்காரர் பெட்டியில் கொண்டுவருவது சொந்த உபயோகத்துக்கு, நூறு வேளை அளவுக்குள் இருக்க வேண்டும், கஸ்டம்ஸில் கேட்டால் சொல்ல வேண்டும். கூரியரில் வரவழைப்பதற்கு 12-ஏ படிவத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், ஒரு டாக்டர் சீட்டும் வேண்டும். அந்தச் சிரமத்துக்கு அது தகுதியா என்று யோசியுங்கள். டைகர் பாமில் புலி கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனால் கரடிப் பித்தம், கஸ்தூரி என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்கினால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும்.

உடம்புக்கு என்ன செய்யும்? சீனக் கஷாயங்களில் பெரும்பாலானவற்றில் அதிமதுரம் உண்டு, நாள்கணக்கில் சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். மா ஹுவாங் என்ற எபிட்ரா இதயத் துடிப்பையும் பிரஷரையும் கூட்டும். டான்ஷென், டாங் குய் என்ற சீன மூலிகைகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், பெல்ஜியத்தில் 1990களில் உடம்பு இளைக்கச் சாப்பிட்டவர்கள் பலருக்குச் சிறுநீரகமே போனது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான், ஆகவே "நாட்டு மருந்துதானே" என்ற சமாதானமும் செல்லாது.

வலி மாத்திரை என்று தருவது இரண்டே நாளில் அற்புதமாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த "மூலிகை" மாத்திரைகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது அடையாளம். அப்படி வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.

11. எப்போது நிறுத்துவது

ஐந்தாறு அமர்வு முடிந்ததும் கோப்பைத் திறந்து வலிக் கணக்கைப் பாருங்கள். எண் குறையவில்லை என்றால் "இன்னும் பத்து போட்டால் தெரியும்" என்பதற்குத் தலையாட்டாமல் நிறுத்திவிடலாம். குறைந்திருந்தால் வாரம் ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தள்ளிப் பாருங்கள், அதிலும் நிலைத்தால் மாதம் ஒன்று, பிறகு தேவைப்பட்டால் மட்டும். நிறுத்தும்போது ரசீதுகளையும் ஊசி வைத்த இடங்களின் குறிப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள், வேறு ஊரில் வேறு ஆளிடம் போக நேர்ந்தால் அவருக்குக் காட்டலாம்.